குழந்தையின் மூச்சும் நமது தாமதமும்

1996ஆம் ஆண்டு. பங்களாதேஷின் சில்ஹெட் மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையின் சிறுவர் பிரிவு. முஹம்மத் ஜுபைர் சிஷ்தி என்ற இளம் வைத்தியர் அங்கு பயிற்சிக்கு வந்த முதல் இரவு அது. அந்த ஓர் இரவில் மூன்று குழந்தைகள் நியூமோனியாவினால் அவரது கண் முன்னே உயிரிழந்தன. முகத்தில் ஒட்சிசன் குழாய் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன நுரையீரல்களுக்கு அது போதவில்லை. குழந்தைகளுக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வசதி அங்கே இருக்கவில்லை. அன்றிரவு அழுததாகவும், இந்தக் குழந்தைகளுக்காக எதையாவது செய்வேன் என்று தனக்குத்தானே உறுதி எடுத்ததாகவும் அவர் பின்னர் ஊடகங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் செய்தது என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம். அதற்கு முன் ஒரு கேள்வி. ஒவ்வொரு வருடமும் நவம்பர் 12ஆம் திகதி உலக நியூமோனியா தினம் வந்து போகிறது. டெங்கு பற்றிப் பேசும் அளவுக்கு, சிறுநீரக நோய் பற்றிப் பேசும் அளவுக்கு, நமது ஊர்களில் குழந்தைகளின் மூச்சு பற்றி நாம் பேசுகிறோமா? உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட 7 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நியூமோனியாவினால் இறந்தனர். அந்த வயதில் இறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 14 பேர். இலங்கையின் குழந்தை இறப்பு வீதம் அயல் நாடுகளை விடக் குறைவு என்பது உண்மை. அது இந்த நாட்டின் இலவச சுகாதார சேவை தந்த பெரிய அருட்கொடை. ஆனால் சராசரி குறைவாக இருப்பதால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஆறுதல் கிடைப்பதில்லை. அந்த மரணங்களில் எத்தனை தவிர்த்திருக்கக் கூடியவை என்பதே கேள்வி.

நுரையீரல் கைவிடும்போது

நியூமோனியா வந்த எல்லாக் குழந்தைகளும் ஆபத்தில் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் உரிய மருந்துடன் சில நாட்களில் தேறிவிடுகின்றன. சிலரில் மாத்திரம் கதை மாறுகிறது. நுரையீரலில் உள்ள சிறு காற்றுப் பைகள் நீரும் சளியும் நிரம்பிச் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. வெளியிலிருந்து எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் இரத்தத்தில் போதுமான அளவு சேர்வதில்லை. குழந்தை தன் முழுப் பலத்தையும் மூச்சு இழுப்பதற்கே செலவிடுகிறது. ஒரு கட்டத்தில் களைத்துப் போகிறது. இதைத்தான் தீவிர சுவாசச் செயலிழப்பு என்கிறோம். நியூமோனியாவினால் மட்டுமன்றி, இரத்தத்தில் கிருமி பரவுவதாலும், நீரில் மூழ்குவதாலும், உணவோ மண்ணெண்ணெயோ சுவாசப் பாதைக்குள் போவதாலும் இந்த நிலை வரலாம்.

இந்த நோய்க்கூட்டை வைத்தியர்கள் முதன்முதலாக விவரித்தது 1967இல். அப்போது பதிவான பன்னிரண்டு நோயாளிகளில் ஒருவர் 11 வயதுச் சிறுவயதினர். ஆனாலும் குழந்தைகளுக்கென்று தனியான வரைவிலக்கணம் 2015இல்தான் வந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாகப் பெரியவர்களின் அளவுகோலையே குழந்தைகளுக்கும் பயன்படுத்தி வந்தார்கள். குழந்தை என்பது சிறிய பெரியவர் அல்ல. அதன் மூச்சுக் குழாய் ஒடுக்கமானது. நெஞ்சுக் கூடு மென்மையானது. களைத்துப் போகும் வேகம் அதிகம்.

பிழைப்பது யார்?

2016, 2017 காலப்பகுதியில் 27 நாடுகளின் சிறுவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வை நடத்தின. இந்த நோய்க்கூட்டுக்கு உள்ளான குழந்தைகளில் நூற்றுக்கு 17 பேர் வரை இறந்தார்கள். நோய் மிகத் தீவிரமாக இருந்தவர்களில் மூவருக்கு ஒருவர் இறந்தார். இதை மறுபக்கத்திலிருந்தும் வாசிக்க வேண்டும். நல்ல வசதியுள்ள பிரிவுக்கு வந்து சேர்ந்தால், மிகத் தீவிரமான நிலையிலும் மூன்றில் இரண்டு குழந்தைகள் பிழைக்கின்றன. "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று நாம் சீக்கிரமே கைவிரிக்கும் ஒரு நோயில், இது சிறிய நம்பிக்கை அல்ல.

யார் இறக்கிறார்கள் என்பதையும் இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன. இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்த பின் வந்தவர்கள். நுரையீரலுடன் சேர்ந்து இதயம், சிறுநீரகம் போன்ற வேறு உறுப்புகளும் பாதிக்கப்பட்டவர்கள். புற்றுநோய் போன்ற காரணங்களால் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள். வறிய நாடுகளில் இவற்றோடு போசாக்கின்மை முன்வரிசையில் நிற்கிறது. குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளும், பிறவி இருதயக் கோளாறு உள்ளவர்களும் தனி ஆபத்தில் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் சிலவற்றை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் முதலாவதை, அதாவது குழந்தை எந்த நிலையில் வைத்தியசாலைக்கு வந்து சேர்கிறது என்பதை, மாற்ற முடியும்.

ஷாம்பூ போத்தலும் ஒரு பாடமும்

சிஷ்தியின் கதைக்கு வருவோம். பின்னாளில் அவர் அவுஸ்திரேலியாவின் மெல்பர்னில் பணியாற்றியபோது, குறை மாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் ஒரு கருவியைக் கண்டார். குழந்தையின் மூக்குக்கு ஒட்சிசன் செல்லும். வெளிவிடும் மூச்சு ஒரு குழாய் வழியாக நீருக்குள் போய்க் குமிழிகளாக வெளியேறும். குழாய் நீருக்குள் எத்தனை சென்ரிமீற்றர் ஆழத்தில் இருக்கிறதோ, அந்த அளவு அழுத்தம் நுரையீரலுக்குள் நிலைத்திருக்கும். அந்த அழுத்தம் சிறு காற்றுப் பைகளைச் சுருங்க விடாமல் திறந்து வைக்கும். டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆய்வு நிலையத்துக்குத் திரும்பிய அவர், வீசப்பட்ட ஒரு ஷாம்பூ போத்தலையும் சாதாரண குழாய்களையும் வைத்து அதே தத்துவத்தில் ஒரு கருவியை அமைத்தார். செலவு ஒன்றேகால் டொலர் அளவில்தான்.

2015இல் வெளியான அவரது குழுவின் ஆய்வு 225 குழந்தைகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்து ஒப்பிட்டது. வழமையான முறையில் மெதுவாக ஒட்சிசன் பெற்ற 67 குழந்தைகளில் 10 பேர் இறந்தனர். வேகமாக ஒட்சிசன் செலுத்தப்பட்ட 79 பேரிலும் 10 பேர் இறந்தனர். குமிழிக் கருவியில் இருந்த 79 பேரில் இறந்தவர்கள் 3 பேர். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், வழமையான முறையைத் தொடர்வது நியாயமில்லை என்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திராது. ஆளுக்கொரு போத்தல் செய்வோம் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ஆபிரிக்காவின் மலாவியில், ஒரு மாவட்ட வைத்தியசாலையில், இதே முறையை 644 குழந்தைகளில் பரிசோதித்தார்கள். அந்தக் குழந்தைகள் பலவீனமானவர்கள். எச்.ஐ.வி., போசாக்கின்மை, மிகக் குறைந்த ஒட்சிசன் என்று ஏதாவதொரு கூடுதல் ஆபத்து அவர்களுக்கு இருந்தது. அந்த வைத்தியசாலையில் வைத்தியரின் நாளாந்தக் கண்காணிப்பும் இருக்கவில்லை. 2019இல் வெளியான முடிவு எல்லோரையும் அதிர வைத்தது. சாதாரண ஒட்சிசன் பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேர் இறந்தனர். குமிழிக் கருவியில் இருந்தவர்களில் 17 பேர் இறந்தனர். உயிர் காக்க வந்த கருவியே அங்கு பாதகமாகிப் போனது.

ஒரே தத்துவம், இரண்டு முடிவுகள். டாக்காவில் அனுபவமிக்க வைத்தியர்களும் தாதியரும் இருபத்து நான்கு மணி நேரமும் அருகில் இருந்தார்கள். குழந்தையின் வயிறு ஊதுகிறதா, மூக்கில் புண் வருகிறதா, களைத்துப் போகிறதா என்று பார்த்து உடனே மாற்றம் செய்தார்கள். பின்னர் எத்தியோப்பியாவின் பொது வைத்தியசாலைகளில், ஊழியர்களுக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் கொடுத்து இதே முறையைச் செயற்படுத்தியபோது மரணங்கள் குறைந்தன. மலாவியின் குழந்தைகள் கூடுதல் நோயாளிகள் என்பதும் ஒரு காரணமே. ஆனாலும் பாடம் மறைந்துவிடவில்லை. கருவியைப் பார்த்துக் கொள்ளும் கண்கள் இல்லாத இடத்தில் கருவி ஒரு சுமை.

நமது ஊர்களில்

இந்தப் பாடம் நமக்கு ஏன் முக்கியம்? நமது சமூகம் கொடுப்பதில் பின்நிற்பதில்லை. கொவிட் காலத்தில் வெளிநாட்டில் உழைக்கும் சகோதரர்களும், உள்ளூர் வர்த்தகர்களும், பள்ளிவாசல் நிருவாகங்களும் வைத்தியசாலைகளுக்கு எத்தனையோ உபகரணங்களை வழங்கினார்கள். அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் கையளிப்பு நிகழ்வின் புகைப்படம் முகநூலில் வந்ததோடு நமது பொறுப்பு முடிந்துவிடுகிறது. அந்த இயந்திரத்துக்கு ஒரு வருடம் கழித்து உதிரிப்பாகம் கிடைத்ததா, அதை இயக்கப் பயிற்சி பெற்ற தாதி இடமாற்றம் பெற்றுப் போய்விட்டாரா, அது இப்போது களஞ்சியத்தில் தூசு படிந்து கிடக்கிறதா என்று எத்தனை பேர் விசாரித்திருப்போம்?

மறுபுறம், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஆயிரத்துக்கும் அதிகமான வைத்தியர்கள் நாட்டை விட்டுச் சென்றதாக வைத்தியர் சங்கங்களே கூறின. தாதியரும் போகிறார்கள். இதன் சுமை முதலில் விழுவது தலைநகரிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களின் மீதுதான். பொத்துவிலில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறல் கடுமையானால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். மூதூர், கிண்ணியா, முசலி, புத்தளத்தின் கரையோரக் கிராமங்கள் என்று இதே கணக்கை நீட்டிக்கொண்டு போகலாம். கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ போவதென்றால் பாதி நாள் பிரயாணம். அந்தப் பாதையில் குழந்தையின் நுரையீரல் நமக்காகக் காத்திருப்பதில்லை.

ஆகவே நமது மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது இன்னொரு கட்டடத்தை அல்ல. கிழக்கிலும் வடமேற்கிலும் உள்ள ஆதார வைத்தியசாலைகளில் பிள்ளைகளுக்கான உயர் கண்காணிப்புக் கட்டில்கள், அவற்றுக்கு இரவிலும் பணியாற்றும் பயிற்சி பெற்ற தாதியர், பழுதானால் திருத்தும் தொழில்நுட்பவியலாளர் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.

தடுப்பூசி விடயத்திலும் ஒரு கேள்வி உண்டு. நியூமோனியாவுக்குக் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து, ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நியூமோகொக்கஸ் என்ற முக்கியமான கிருமிக்கு எதிரான தடுப்பூசி, பாகிஸ்தானில் 2012இலும் பங்களாதேஷிலும் நேபாளத்திலும் 2015இலும் தேசிய திட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. இந்தியாவும் 2017இல் தொடங்கியது. நோய்த்தடுப்பில் பிராந்தியத்துக்கே முன்மாதிரியான இலங்கையில், அது நீண்ட காலமாக வசதி உள்ளவர்கள் தனியாரிடம் பணம் கொடுத்துப் போடும் ஊசியாகவே இருந்து வந்துள்ளது. கூலித் தொழிலாளியின் குழந்தைக்கும் அதே நுரையீரல்தான்.

வீட்டுக்குள் நடப்பவை

அரசாங்கத்தைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்க வேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதல் நாள் உம்மம்மாவின் கைமருந்து. இரண்டாம் நாள் பாமசியில் சொல்லி வாங்கிய பாணி மருந்து, சில வேளை கடந்த முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக். மூன்றாம் நாள் ஓதிப் பார்த்துத் தண்ணீர். பிள்ளை பால் குடிக்க மறுக்கும்போதுதான் ஓட்டோ தேடப்படுகிறது. துஆவும் ஓதிப் பார்த்தலும் நமது நம்பிக்கையின் பகுதி. யாரும் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கட்ட வேண்டிய நேரத்தில் கட்டாமல் விட்டு, பின்னர் "நாட்டம்" என்று சொல்லித் தேறுவது சரியா என்பதை ஒவ்வொரு வாப்பாவும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, புகை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மணமாக இருந்தாலும் சிசுவின் சுவாசப் பாதைக்கு அது புகைதான். எரிவாயு நெருக்கடிக்குப் பின் விறகடுப்புக்குத் திரும்பிய குடும்பங்கள் பல. அடுப்படியிலேயே தாயின் மடியில் குழந்தை. இரவில் மூடிய அறையில் நுளம்புச் சுருள். வெளியில் சிகரெட் குடித்துவிட்டு அதே சட்டையுடன் பிள்ளையைத் தூக்கும் வாப்பா. இவை ஒவ்வொன்றும் சின்ன நுரையீரலின் பாதுகாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பவை.

மூன்றாவது, தாய்ப்பால். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது நியூமோனியாவுக்கு எதிரான மிகப் பெரிய கவசங்களில் ஒன்று. இரண்டு வருடப் பாலூட்டலைக் குர்ஆனே பேசியிருக்கும் சமூகத்தில், பால்மா ரின்னுக்கு இவ்வளவு சீக்கிரம் கை போவது வேதனைக்குரியது.

நான்காவது, தடுப்பூசி பற்றிய வதந்திகள். சின்னமுத்து நோயை ஒழித்த நாடாக 2019இல் அங்கீகாரம் பெற்ற இலங்கையில், 2023இல் அது மீண்டும் பரவியது. 2024 ஜனவரியில் ஆறு மாதக் குழந்தைகளுக்கும் விசேடமாகத் தடுப்பூசி போட வேண்டி வந்தது. சின்னமுத்துக் கண்ட குழந்தைகள் இறப்பதற்கு முதன்மையான காரணம் நியூமோனியா. வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவை நம்பி ஊசியைத் தள்ளிப் போடுபவர்கள், எதனோடு விளையாடுகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எண்ணத் தெரிந்தால் போதும்

ஒரு தாய் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவிழுந்தால், மூச்சோடு முனகல் வந்தால், பாலோ நீரோ குடிக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால், பிள்ளை சோர்ந்து எழுப்ப முடியாமல் கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ஓட்டோவில் இல்லாத ஒட்சிசன் அதில் இருக்கிறது.

ஆறாத ஒரு காயம்

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க முடியாது. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் அது மாறவில்லை. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு சிசு, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளை நாம் மறக்கவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்த மாதங்களில் மூச்சுத் திணறும் பிள்ளையை, வயோதிபரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பயந்த குடும்பங்களை நாம் அறிவோம். நியாயமான பயம் அது. எரித்த அரசியலின் கணக்கு தனி. அதற்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்ற கோரிக்கை தொடர வேண்டும். ஆனால் அந்தப் பயம் இன்றும் எந்த வீட்டிலாவது ஒரு மணி நேரத் தாமதமாக மிஞ்சியிருந்தால், அதன் விலையைக் கொடுப்பது மீண்டும் நமது குழந்தைதான். இரவு பகலாக நம் பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியரும் தாதியரும் அந்த வர்த்தமானியை எழுதியவர்கள் அல்லர்.

பள்ளிவாசல்கள் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் தேவையில்லை. வருடத்தில் ஒரு ஜும்ஆவில், மழைக்காலம் தொடங்கும் முன், மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளைக் கதீப் பத்து நிமிடம் பேசலாம். பெண்கள் மத்ரசாக்களில் குடும்ப சுகாதார உத்தியோகத்தரை அழைத்து மூச்சு எண்ணும் முறையைக் காட்டச் செய்யலாம். ஊரின் பிரதேச வைத்தியசாலையில் குழந்தைகளுக்கான ஒட்சிசன் மானி இருக்கிறதா என்று பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் கேட்டு, இல்லையென்றால் வாங்கிக் கொடுக்கலாம். விரலில் மாட்டும் அந்தச் சிறு கருவி, கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை இலக்கத்தில் காட்டிவிடும்.

இயந்திரம் வழங்கும் தனவந்தர்கள், வழங்கும்போதே ஐந்து வருடப் பராமரிப்புக்கும் ஊழியர் பயிற்சிக்கும் சேர்த்து நிதி ஒதுக்கட்டும். வாங்கும் முன் "உங்களுக்கு எது தேவை?" என்று வைத்தியசாலையிடம் கேட்கட்டும். பிள்ளையைக் கொழும்பிலோ கண்டியிலோ அனுமதித்துவிட்டு வெளியே படுத்துக் கிடக்கும் பெற்றோருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுப்பதும், அதிதீவிர சிகிச்சையிலிருந்து மீண்ட பிள்ளையைக் கிளினிக்குக்குத் தொடர்ந்து கூட்டிச் செல்லப் பயணச் செலவு கொடுப்பதும் ஸதகாவுக்குத் தகுதியான காரியங்களே. தீவிர நிலையிலிருந்து மீளும் குழந்தைகள் சிலருக்கு மூச்சுப் பிரச்சினையும் தசைப் பலவீனமும் பல மாதங்கள் நீடிக்கின்றன. வீட்டுக்கு வந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று கிளினிக்கை நிறுத்துவது பிழை.

சில்ஹெட்டில் அழுத அந்த இளம் வைத்தியர் அழுகையோடு நின்றுவிடவில்லை. ஏறத்தாழ இருபது வருடங்கள் அந்த ஓர் இரவுக்குப் பதில் தேடினார். நமக்கு இருபது வருடம் தேவையில்லை. இன்றிரவு உங்கள் வீட்டில் இருமிக்கொண்டு தூங்கும் பிள்ளையின் சட்டையை மெதுவாக உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினால் போதும். அந்த ஒரு நிமிடத்தில் நாம் விழித்திருக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக.